எஸ்டிஎஸ் தூள் தரும் தொல்லைகள்: அறிகுறி வாரியாக என்ன பார்ப்பது, என்ன செய்வது

புரத ஜெல் ஓட்டும், அதாவது புரதங்களை ஜெல்லில் அளவு வாரியாகப் பிரித்துப் பார்க்கும் லேப் எதுவானாலும் அலமாரியில் ஒரு வெள்ளைத் தூள் பாட்டில் இருக்கும். சோடியம் டோடெசில் சல்பேட், சுருக்கமாக எஸ்டிஎஸ். ஷாம்பூவிலும் பற்பசையிலும் நுரை வருவதற்காகச் சேர்க்கும் சோடியம் லாரில் சல்பேட்டும் இதே பொருள்தான். அதனால் ‘சோப்புத்தூள்தானே’ என்று யாரும் இதற்கு பயப்படுவதில்லை. கல்லூரி லேபில் கரைசல்கள் தயாரித்துக் கொடுப்பது என் வேலை. ஒவ்வொரு பருவமும் ஜெல் வகுப்பு தொடங்கும் வாரத்தில் ‘அக்கா, தொண்டை எரியுது’ என்று யாராவது வந்து நிற்பார்கள். வருகிற புகார்களும் ஏறக்குறைய ஒன்றுபோலவே இருக்கும். அவற்றைத்தான் கீழே எழுதியிருக்கிறேன்.

பாட்டிலின் லேபிளை ஒரு முறை படித்துவிடுங்கள். எச்315 என்றால் தோல் எரிச்சல், எச்335 என்றால் மூச்சுப்பாதை எரிச்சல், எச்302 என்றால் விழுங்கினால் கேடு, எச்228 என்றால் தீப்பற்றும் திண்மம். எச்318 கண்ணுக்குக் கடுமையான சேதத்தைக் குறிக்கிறது. இவற்றில் எனக்குப் பயம் தருவது அந்தக் கடைசி எண்தான்.

இன்னொரு குழப்பமும் உண்டு. ரசாயனத்தோடு வரும் பாதுகாப்புத் தகவல் தாளையும் (சேஃப்டி டேட்டா ஷீட்) எஸ்டிஎஸ் என்றே சொல்கிறார்கள். புதிதாக வந்த மாணவி ‘எஸ்டிஎஸ் எங்கே?’ என்று கேட்டபோது, பக்கத்தில் இருந்தவர் தூள் பாட்டிலை எடுத்துக் கையில் கொடுத்தார். அவள் கேட்டது தாளை. அன்றிலிருந்து எங்கள் லேபில் தாளுக்கு ‘ஷீட்’ என்று பெயர்.

அறிகுறி 1: எடை போடும்போது தும்மல், தொண்டைக் கரகரப்பு, இருமல்

பத்துப் புகாரில் ஏழெட்டு இதுதான். தூள் பஞ்சுபோல லேசானது, மூடியைத் திறந்தாலே எழும்பும். மூக்கில் ஏறியதும் முதலில் சோப்பு வாசனை போல ஒன்று, அப்புறம் தும்மல், பிறகு தொண்டையில் யாரோ உப்புத்தாளால் தேய்த்தது போன்ற வறட்டு இருமல். இது வந்தவுடன் செய்ய வேண்டியது மூடியை மூடிவிட்டு வெளியே வந்து நல்ல காற்றில் நிற்பது. வாய் கொப்பளியுங்கள், மூக்கைச் சிந்துங்கள், தண்ணீர் குடியுங்கள். பெரும்பாலும் அரை மணி நேரத்துக்குள் அடங்கிவிடும். அடங்காவிட்டால் அறிகுறி 2-க்குப் போங்கள்.

அடங்கியதும் காரணத்தைத் தேடுங்கள். செலவில்லாதவற்றை முதலில் பாருங்கள்.

*ஃபேன் ஓடுகிறதா?* சிரிக்காதீர்கள், பாதிக்குப் பாதி காரணம் இதுதான். வெயில் காலத்தில் ஃபேனை நிறுத்தச் சொன்னால் மொத்த லேபும் முறைக்கும். பரவாயில்லை, ஐந்து நிமிடம் நிறுத்துங்கள். ஏசி காற்று நேராக பேலன்ஸ் மேல் விழுகிறதா என்றும் பாருங்கள். பேலன்ஸில் கடைசி இலக்கம் நிற்காமல் ஆடிக்கொண்டே இருந்தால் அங்கே காற்று அடிக்கிறது என்று அர்த்தம். எண்ணை ஆட்டும் காற்று தூளையும் ஆட்டும்.

*பாட்டில் இப்போதுதான் வந்ததா?* கூரியரில் குலுங்கி வந்த பாட்டிலுக்குள் தூள் மேகம்போல மிதந்துகொண்டிருக்கும். மேசையில் வைத்துக் கால் மணி நேரம் அசைக்காமல் விடுங்கள். முகத்துக்கு நேராக வைக்காமல் கை நீட்டித் தள்ளிப் பிடித்து, மூடியை மெதுவாகத் திருகுங்கள்.

*எப்படி அள்ளுகிறீர்கள்?* பாட்டிலைச் சாய்த்துத் தட்டிக் கொட்டினால் புழுதிதான் கிளம்பும். ஸ்பாட்சுலாவால் (தூள் அள்ளும் சிறு கரண்டி) அள்ளி, அதைப் பாத்திரத்தின் அடிவரை இறக்கிச் சாய்த்து வழியவிட வேண்டும். எடைத்தாளையும் அகலமான தட்டையும் விட்டுவிட்டு, உயரமான சிறு பீக்கரை எடுத்துக்கொள்ளுங்கள்.

*தூள் தானாகவே துள்ளுகிறதா?* ஏசி அறையின் வறண்ட காற்றில் பிளாஸ்டிக் எடைத்தட்டில் நிலைமின் ஏறி, தூள் ஓரங்களில் ஒட்டிக்கொண்டு குதிக்கும். கண்ணாடிக்கு மாறினால் தீரும்.

*சரியாக 10.00 கிராம் வர வேண்டும் என்று பிடிவாதமா?* இருமலுக்குச் சத்தமில்லாத காரணம் இந்தப் பிடிவாதம். கொஞ்சம் போடு, கொஞ்சம் எடு, மறுபடி போடு என்று பத்து முறை ஸ்பாட்சுலா போய்வரும்போது பத்து முறை தூள் எழும்பும். நான் செய்வது இப்படி: மூடியுள்ள ஒரு காலிப் பாட்டிலை மூடியோடு எடை போட்டுக் குறித்துக்கொள்வேன். அதை ஃப்யூம் ஹூட்டுக்குள் (காற்றை உள்ளே இழுத்து வெளியேற்றும் பெட்டி) கொண்டுபோய், கண் மதிப்பில் பத்து கிராம் அளவுக்கு அள்ளிப்போட்டு அங்கேயே மூடிவிடுவேன். வெளிப்பக்கத்தை ஈர டிஷ்யூவால் துடைத்த பிறகு மறுபடி எடை. 11.3 கிராம் வந்ததா? சரி, மொத்த அளவு 113 மி.லி. ஆகும்வரை தண்ணீர் சேர்த்தால் 10 சதவீதக் கரைசல் தயார். தூளைத் திருத்துவதைவிடத் தண்ணீரைத் திருத்துவது சுலபம், தண்ணீரால் யாருக்கும் இருமல் வராது.

*என்ன மாஸ்க்?* துணி மாஸ்க்கும் மருத்துவமனை நீல மாஸ்க்கும் பக்கவாட்டில் திறந்தே இருப்பவை. நுண்தூளுக்கு என்95 தேவை. அதுவும் மூக்கின் மேல் கம்பியை அழுத்தி, முகத்தோடு ஒட்டி நின்றால்தான். தாடி இருந்தால் ஒட்டாது.

*எந்த ஹூட்டில் உட்கார்ந்திருக்கிறீர்கள்?* இங்கே கொஞ்சம் நிற்க வேண்டும். திசு வளர்ப்புக்கான லேமினார் ஃப்ளோவும் கண்ணாடிக் கதவுள்ள பெட்டிதான், ஃப்யூம் ஹூட்டும் கண்ணாடிக் கதவுள்ள பெட்டிதான். வேலை மட்டும் நேர் எதிர். லேமினார் ஃப்ளோ உள்ளே இருக்கும் வளர்ப்பைக் காப்பதற்காகச் சுத்தமான காற்றை உங்களை நோக்கித் தள்ளும். அதற்குள் எஸ்டிஎஸ்ஸைத் திறந்தால் தூள் நேராக முகத்துக்கு வரும். முதுகலை மாணவன் ஒருவன் ‘பாதுகாப்பா உள்ள வச்சுத்தாங்க்கா எடை போட்டேன்’ என்று கண் சிவந்து வந்தான். புருவம் முழுக்க வெள்ளை. எழுந்து போய்ப் பார்த்தால் லேமினார் ஃப்ளோ ஓடிக்கொண்டிருந்தது.

ஃப்யூம் ஹூட்டேதான் என்றால், அது இழுக்கிறதா என்று பாருங்கள். டிஷ்யூ தாளில் விரல் அகலத்துக்கு ஒரு கீற்றைக் கிழித்துக் கதவின் கீழ் விளிம்பில் ஒட்டுங்கள். அது உள்பக்கமாகச் சாய்ந்து நிற்க வேண்டும். நேராகத் தொங்கினால் அந்த ஹூட் வெறும் அலமாரிதான். முதலில் கதவை அதன் குறியிட்ட உயரத்துக்கு இறக்கிப் பாருங்கள், பின்பக்கத் திறப்பை அடைத்துக்கொண்டு பாட்டில்கள் நிற்கின்றனவா என்றும் பாருங்கள். அப்படியும் கீற்று அசையவில்லை என்றால் மோட்டாரையோ குழாயையோ நீங்கள் கழற்ற வேண்டாம், சர்வீஸ் ஆளைக் கூப்பிடுங்கள். முகப்பில் காற்று வேகம் நொடிக்கு அரை மீட்டர் அளவில் இருக்கிறதா என்று கருவி வைத்து அளந்து காட்டச் சொல்லுங்கள். ‘ஓடுது மேடம்’ என்ற வாய்ச்சொல்லை ஏற்காதீர்கள்.

*இவ்வளவும் செய்தும் வருகிறதா?* தூளையே மாற்றுங்கள். எஸ்டிஎஸ் சிறு மணிகளாகவும் கிடைக்கிறது, அது அவ்வளவாகப் பறக்காது. 10 அல்லது 20 சதவீதத் தயார் கரைசலாகவும் கிடைக்கிறது. விலை அதிகம்தான். இடையில் ஒரு வழி உண்டு: 500 கிராம் பாட்டில் வாங்காமல் 100 கிராம் பாட்டில் வாங்குங்கள். அதை எடை போடவே வேண்டாம். ஹூட்டுக்குள் வைத்து, சுவரோரமாகத் தண்ணீரை மெல்ல விட்டுத் தூள் முழுவதையும் நனையுங்கள். நனைந்த தூள் பறக்காது. கூழாகப் பெரிய பீக்கருக்கு மாற்றி, பாட்டிலை இரண்டு மூன்று முறை அலசி அந்தத் தண்ணீரையும் அதிலேயே ஊற்றி, சூடாக்கிக் கரைத்து 1 லிட்டருக்கு நிரப்பிவிட்டால் 10 சதவீதம். ஜெல் வேலைக்கு லேபிளில் உள்ள எடையே போதும், அதற்கு மேல் துல்லியம் தேவையில்லை. எங்கள் லேபில் இப்போது பருவத்துக்கு ஒரே ஒரு நாள்தான் தூள் திறக்கப்படுகிறது.

அறிகுறி 2: இருமல் நிற்கவில்லை, அல்லது வீட்டுக்குப் போன பிறகு இழுக்கிறது

நல்ல காற்றுக்கு வந்து ஒரு மணி நேரம் ஆகியும் இருமல் குறையாவிட்டாலும், மூச்சு விடும்போது விசில் சத்தம் கேட்டாலும் மருத்துவரிடம் போக வேண்டும். ஏற்கெனவே ஆஸ்துமா உள்ளவர்கள் அந்த ஒரு மணி நேரமும் காத்திருக்க வேண்டாம். மூச்சுத் திணறினால் 108.

வேறொரு வகையும் உண்டு. லேபில் இருக்கும்வரை ஒன்றுமில்லை, இரவில் நெஞ்சு இறுகுகிறது, இருமல் வருகிறது. விடுமுறையில் சரியாகி, திங்கட்கிழமை மறுபடி தொடங்குகிறது. இப்படி என்றால் எஸ்டிஎஸ்ஸை விட்டுவிட்டு அதன் பக்கத்துப் பாட்டிலைச் சந்தேகப்படுங்கள். ஜெல் உறைவதற்காகச் சேர்க்கும் அம்மோனியம் பெர்சல்பேட்டும் வெள்ளைத் தூள்தான். பெர்சல்பேட் ஒவ்வாமையை உண்டாக்கும், தொழில்வழி ஆஸ்துமாவுக்குப் பேர்போனது. முடிக்கு ப்ளீச் போடும் அழகுநிலையத் தொழிலாளர்களுக்கு இதே பொருளால்தான் அந்த நோய் வருகிறது. ஒவ்வாமை ஏற்பட்டுவிட்டால் அடுத்த முறை மிகச் சிறிய அளவே போதும், அதனால் மாஸ்க் போட்டுச் சமாளிக்கலாம் என்று நினைக்காதீர்கள். அந்த ஆள் பெர்சல்பேட்டைத் தொடுவதை அன்றே நிறுத்தவேண்டும். நுரையீரல் மருத்துவரைப் பார்க்கும்போது எந்தெந்தத் தூள்களோடு வேலை என்ற பட்டியலையும் கொண்டுபோக வேண்டும்.

அறிகுறி 3: கண் எரிச்சல், கண்ணில் மணல் விழுந்த உணர்வு

இங்கே காரணம் தேடும் வேலை எல்லாம் பிறகுதான். முதலில் தண்ணீர்.

கண்ணைக் கசக்காதீர்கள். கிளவுஸ் போட்ட கையால் தொடவே கூடாது, துப்பட்டா முனையால் ஒற்றுவதும் வேண்டாம். கண் கழுவும் குழாய் இருந்தால் அங்கே போங்கள். இல்லையென்றால் சாதாரணக் குழாயில் ரப்பர் டியூப் மாட்டி மெல்லிய ஓட்டமாக விடுங்கள். தலையைச் சாய்த்து, பாதித்த கண் கீழ்ப்பக்கம் இருக்கும்படி வைத்து, மூக்குப் பக்கத்திலிருந்து வெளிப்பக்கமாகத் தண்ணீர் ஓடட்டும். கான்டாக்ட் லென்ஸ் சுலபமாக வருமானால் கழற்றிவிட்டுத் தொடருங்கள். இமைகளை விரலால் விரித்துப் பிடிக்க இன்னொருவர் வேண்டும், எரியும் கண்ணைத் தானாகத் திறந்து வைக்க யாராலும் முடியாது. கடிகாரம் பார்த்து 15 நிமிடம். இரண்டு நிமிடத்திலேயே ‘போதும், சரியாயிடுச்சு’ என்பார்கள். விடாதீர்கள்.

தாய்ப்பால், விளக்கெண்ணெய், ரோஸ் வாட்டர் எதுவும் விட வேண்டாம். மருந்துக் கடையில் கேட்டு வாங்கும் சொட்டு மருந்தும் வேண்டாம்.

15 நிமிடம் கழுவிய பிறகு கண் மருத்துவரிடம் போவது பற்றி எங்கள் லேபில் விவாதமே கிடையாது. வலி நின்றிருந்தாலும் போக வேண்டும். பாட்டில் லேபிளைப் போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். ‘ஏதோ சோப்புத் தூள்’ என்று சொன்னால் வரிசையில் உட்கார வைத்துவிடுவார்கள். வெளிச்சம் பட்டால் கூசுவது, பார்வை மங்கலாக இருப்பது, கறுப்பு விழி பனி படிந்ததுபோலத் தெரிவது, இவற்றில் ஒன்று இருந்தாலும் வழியிலும் கழுவிக்கொண்டே போங்கள்.

காரணம் என்னவோ எப்போதும் ஒன்றுதான்: கண்ணாடி போடவில்லை. பவர் கண்ணாடி இதற்குப் போதாது. பக்கவாட்டிலும் மூடியிருக்கும் கண்ணாடி வேண்டும். கரைசல் தெறித்துக் கண்ணில் பட்டாலும் வைத்தியம் இதேதான், 10 சதவீதமானாலும் அலட்சியம் வேண்டாம்.

அறிகுறி 4: கை வறண்டு, வெள்ளையாகச் செதில் விட்டு, வெடிக்கிறது

ஒரு மாணவி மதியச் சாப்பாட்டில் ரசம் சோற்றைப் பிசைய முடியாமல் ஸ்பூன் கேட்டபோதுதான் அவள் கையைப் பார்த்தேன். விரல் நுனிகளில் ரேகையே தெரியாத அளவுக்குத் தோல் காய்ந்து, கணுக்களில் கீறல் கீறலாக வெடித்திருந்தது. எஸ்டிஎஸ் தோலின் எண்ணெயை வழித்து எடுத்துவிடும். தோல் ஆய்வுகளில் வேண்டுமென்றே எரிச்சலை உண்டாக்கிப் பார்க்கவேண்டும் என்றால் இதைத்தான் தடவுவார்கள்.

தூள் பட்டால் ஓடும் தண்ணீரில் வழுவழுப்பு போகும்வரை கழுவுங்கள். இதுவே ஒரு டிடர்ஜென்ட், இதன் மேல் இன்னொரு பாத்திர சோப்பைப் போட்டுத் தேய்த்தால் தோல்தான் கெடும். துடைத்துவிட்டு வாசலின் தடவிக்கொள்ளுங்கள்.

திரும்பத் திரும்ப வந்தால் வரிசையாகப் பாருங்கள். கிளவுஸ் போடாமல் ஜெல் தொட்டியைக் கழுவுகிறீர்களா? ஜெல் ஓட்டும்போது தொட்டியில் ஊற்றும் ஓட்ட பஃபர் கரைசலிலும் எஸ்டிஎஸ் இருக்கிறது, அதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். ஒரே ஜோடி கிளவுஸை நாள் முழுக்கக் கழற்றிக் கழற்றி மாட்டினால் தூள் உள்ளே போய், வியர்வையில் ஊறி, கிளவுஸ் இல்லாததைவிட மோசமாகும். லேடெக்ஸ் கிளவுஸ் போட்டால் அரிப்பும் தடிப்பும் வருகிறது என்றால் அந்த ரப்பரே உங்களுக்கு ஒத்துக்கொள்ளவில்லை, நைட்ரைலுக்கு மாறுங்கள். இரண்டு வாரம் தள்ளியிருந்தும் ஆறாவிட்டால், அல்லது வெடிப்பில் நீர் கசிந்தால், தோல் மருத்துவர்.

உள்ளங்கைத் தோல் உரிவதோடு விரல்கள் மரத்துப் போனாலோ ஊசி குத்துவதுபோல இருந்தாலோ இந்தப் பக்கத்தை மூடிவிட்டு உடனே மருத்துவரைப் பாருங்கள். அது எஸ்டிஎஸ் செய்யும் வேலை இல்லை. ஜெல்லுக்கு எடை போடும் அக்ரிலமைடு நரம்பைத் தாக்கும் விஷம், அதன் தொடக்க அறிகுறிகள் இப்படித்தான் இருக்கும்.

அறிகுறி 5: தூள் கொட்டிவிட்டது, தரை வழுக்குகிறது

விளக்குமாறு எடுக்காதீர்கள். பெருக்கினால் அறை முழுக்கப் பறக்கும். வாளித் தண்ணீரும் ஊற்றாதீர்கள். நுரை பொங்கிக் கால் வைக்க இடமிருக்காது, வழுக்கி விழுந்து கை உடைவதுதான் மிச்சம். வீட்டு வேக்குவம் கிளீனர் நுண்தூளைப் பின்பக்கமாகத் திரும்ப ஊதிவிடும்.

ஃபேனை நிறுத்துங்கள், ஆட்களை நகர்த்துங்கள், மாஸ்க்கும் கண்ணாடியும் கிளவுஸும் போடுங்கள். நனைத்துப் பிழிந்த டிஷ்யூவைக் கொட்டிய இடத்தின் மேல் மெதுவாகப் போர்த்துங்கள். தூள் ஈரமாகி ஒட்டியதும் ஒரு அட்டையால் ஓரத்திலிருந்து நடுவுக்கு வழித்து, ஜிப் கவரில் போட்டுப் பெயர் எழுதுங்கள். பிறகு ஈரத்துணியால் இரண்டு மூன்று முறை, ஒவ்வொரு முறையும் துணியை அலசி. கிளவுஸ் விரலால் தேய்த்துப் பாருங்கள், வழுக்காமல் கீச்சென்று சத்தம் வந்தால் தரை சுத்தம். வழித்த தூளைச் சாக்கடையில் தட்டாதீர்கள். நீர்வாழ் உயிர்களுக்கு இது கேடு, கல்லூரியின் ரசாயனக் கழிவோடு போகட்டும்.

முழு பாட்டிலும் உடைந்து மூடிய அறையில் புழுதி நிற்கிறது என்றால் நீங்கள் துடைக்கப் போக வேண்டாம். கதவைச் சாத்திவிட்டு, பாதுகாப்புப் பொறுப்பாளரிடம் சொல்லுங்கள்.

பக்கத்தில் பன்சன் பர்னர் எரிந்துகொண்டிருந்தால் முதல் வேலை அதை அணைப்பது. எஸ்டிஎஸ் எரியும், எரிந்தால் கந்தக ஆக்சைடு புகை வரும்.

அறிகுறி 6: வாயில் போய்விட்டது

பெரும்பாலும் கை கழுவாமல் எதையாவது தின்றதால்தான். வாயைக் கொப்பளித்துத் துப்புங்கள். வாந்தி எடுக்க வைக்காதீர்கள். வயிற்றிலிருந்து மேலே வரும் நுரை நுரையீரலுக்குள் போவது விழுங்கியதைவிட ஆபத்து. நாக்கில் பட்ட அளவு என்றால் கொப்பளித்தாலே போதும். விழுங்கியிருந்தால், அல்லது வயிற்றுவலியும் வாந்தியும் தொடங்கினால் மருத்துவமனை. டெல்லி எய்ம்ஸில் உள்ள தேசிய விஷத் தகவல் மையத்தை 1800 116 117 என்ற கட்டணமில்லா எண்ணில் எந்நேரமும் கேட்கலாம்.

அறிகுறி 7: கரைசல் பாட்டில் வெள்ளையாகிவிட்டது

இது உடம்புக்கு வரும் தொல்லை இல்லை, ஆனால் மேலே சொன்ன பாதித் தொல்லைகள் இங்கிருந்துதான் தொடங்குகின்றன. நேற்று தண்ணீர்போல இருந்த பாட்டிலில் இன்று காலையில் வெள்ளையாக ஊசி ஊசியாய்ப் படிந்திருக்கும். ‘கெட்டுப் போச்சு’ என்று சிங்கில் ஊற்றிவிட்டு, புதிதாகத் தயாரிக்க மறுபடி தூளைத் திறப்பார்கள். மறுபடி இருமல்.

*இரவு முழுக்க ஏசி ஓடியதா, யாராவது ஃப்ரிட்ஜில் வைத்தார்களா?* 10 சதவீதக் கரைசல் 20 டிகிரிக்குக் கீழே போனால் படியும், அவ்வளவுதான். 37 டிகிரி நீர்த்தொட்டியில் மூடியைத் தளர்த்தி வைத்துக் கால் மணி நேரம் விடுங்கள். நடுவில் மெல்லச் சுழற்றலாம், குலுக்கினால் நுரைதான் மிச்சம். மைக்ரோவேவும் ஆட்டோகிளேவும் வேண்டாம், பொங்கி வழியும்.

*சூட்டில் தெளிந்து, வெளியே வைத்ததும் தயிர்போலத் திரள்கிறதா?* பொட்டாசியம் கலந்துவிட்டது. பாக்டீரியாவிலிருந்து பிளாஸ்மிட் (சிறு டிஎன்ஏ வளையம்) பிரிக்கும்போது பொட்டாசியம் அசிடேட் ஊற்றியதும் வெள்ளையாகத் திரளுமே, அதே சங்கதி. பிஎச் (அமில-காரத் தன்மை) சரிசெய்ய யாராவது பொட்டாசியம் ஹைட்ராக்சைடு விட்டார்களா என்று விசாரியுங்கள். அதற்கு சோடியம் ஹைட்ராக்சைடுதான் எடுக்க வேண்டும். இந்தப் பாட்டிலைக் காப்பாற்ற முடியாது, கழிவில் சேர்த்துவிடுங்கள்.

*புதிதாகத் தயாரிக்கும்போதே கரையவில்லையா?* தண்ணீர் குளிர்ந்திருக்கும். 60 டிகிரிக்கு மேல், 68 வரை சூடாக்கி, ஸ்டிரரை மிகக் குறைந்த வேகத்தில் விடுங்கள். நுரை நிறைந்து அளவுக்கோடு தெரியாவிட்டால் அப்படியே மூடி வைத்துவிட்டு மறுநாள் காலையில் நிரப்புங்கள்.

எங்கள் பாட்டிலில் தேதிக்கும் சதவீதத்துக்கும் கீழே மார்க்கரால் இப்படி எழுதியிருக்கிறேன்: ‘குளிரில் வெள்ளையாகும். கொட்டாதே. 37-ல் வை.’ எழுதிய பிறகும் ஒருவன் கொட்டினான், கண்ணாடி போடாமல் வந்திருந்தான், எழுத்து தெரியவில்லையாம். இப்போது இரண்டு மடங்கு பெரிதாக எழுதியிருக்கிறேன்.